5.1-ஆ, இரண்டு சப்வூஃபரா? ஒரு ஃப்ளாட் ஹாலின் கணக்கு

மடிப்பாக்கத்தில் என் தங்கை வீட்டு ஹால் 16 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். அகலச் சுவரில் டி.வி., அதற்கு எதிரே பின்சுவரை ஒட்டி மூன்று பேர் உட்காரும் சோஃபா. இடப்பக்கம் முழுச் சுவர். வலப்பக்கச் சுவர் பாதியிலேயே நின்று, சாப்பாட்டு மேசைக்கும் சமையலறைக்கும் வழிவிடுகிறது. கீழே டைல்ஸ், சுற்றிலும் செங்கல், மேலே கான்கிரீட். பட்ஜெட் ஒரு லட்சம் ரூபாய்.

நான் போய்ச் சேர்வதற்குள் மாப்பிள்ளை கையில் ஒரு கடைச் சீட்டு இருந்தது. முன்னால் இரண்டு டவர் ஸ்பீக்கர், நடுவில் ஒரு சென்டர், பின்னால் இரண்டு சரவுண்ட், கூரையைப் பார்த்துப் பாடும் இரண்டு அட்மாஸ் பெட்டி, பேஸ் எனும் அடிச்சத்தத்துக்கு மட்டுமான 12 அங்குல சப்வூஃபர், எல்லாவற்றையும் ஓட்டும் ஏழு சானல் ரிசீவர். "எல்லாம் சேர்த்தே ஒரு லட்சத்துக்குள் வந்துவிடுகிறது மச்சான்" என்றார். எனக்குப் பயமே அதுதான். எட்டுப் பெட்டியும் ஒரு ரிசீவரும் அந்த விலைக்குள் அடங்குகிறது என்றால், ஒவ்வொன்றிலும் எதையோ குறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நான் சொன்ன மாற்று அவருக்குப் பிடிக்கவில்லை. சரவுண்டும் அட்மாஸும் இப்போதைக்கு வேண்டாம். முன்னால் மூன்று நல்ல ஸ்பீக்கர், கூடவே ஒரு சிறிய சப்வூஃபர், கொஞ்ச நாள் கழித்து அதே மாதிரி இன்னொரு சப்வூஃபர். "பின்னால் ஸ்பீக்கர் இல்லாமல் எப்படி ஹோம் தியேட்டர் ஆகும்?" என்று கேட்டார். 5.1 என்றாலே முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, கூட ஒரு சப்வூஃபர் என்பதுதானே. நியாயமான கேள்விதான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதற்கே போயிற்று.

முதலில் எளிதாகத் தள்ளிவிட முடிந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

சவுண்ட்பார். தங்கையின் ஓட்டு இதற்குத்தான் விழுந்தது. ஒரே எச்டிஎம்ஐ வயர், டி.வி. ரிமோட்டிலேயே சத்தம் கூட்டலாம், தூசி துடைப்பது சுலபம். இதில் ஒன்றையும் மறுக்க முடியாது. வாடகை வீட்டில் இருப்பவர்கள், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வீடு மாறுபவர்கள் இதை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். ஆனால் மூன்றடி நீளமுள்ள ஒரு பட்டையிலிருந்து வரும் இடவலப் பிரிவு, 13 அடி தள்ளி உட்கார்ந்தால் ஒரே புள்ளியாகிவிடும். கூட வரும் சப்வூஃபர் பெரும்பாலும் ஆறு அல்லது எட்டு அங்குலம். அதை அந்த பாரோடு மட்டுமே பேச வைக்க முடியும். நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்ற நினைத்தாலும் முடியாது, மொத்தமாகத்தான் தூக்கிப்போட வேண்டும். சொந்த வீடு, பத்து வருஷக் கணக்கு என்பதால் அதை ஒதுக்கினோம்.

அடுத்தது, சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவின் வழி. அசெம்பிள் செய்த 5.1 ஆம்ப்ளிஃபயர். தமிழ்நாட்டில் இது தனி உலகம். 5200-1943 டிரான்சிஸ்டர் போர்டு, டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர், டி.வி.யின் ஆப்டிகல் வழியே வருவதைப் பிரித்துக் கொடுக்கும் டீகோடர் போர்டு, தச்சரிடம் பிளைவுட்டில் அடித்த 12 அங்குல சப்வூஃபர் பெட்டி. இதைக் கேலி செய்பவர்களை எனக்குப் பிடிக்காது. செலவழித்த ரூபாய்க்கு வரும் சத்தத்தில் இதை எதுவும் மிஞ்சாது. ஒரு சானல் ஊமையானால் பக்கத்துத் தெரு மெக்கானிக்கே மறுநாள் சரிசெய்து கொடுத்துவிடுவார். ரிசீவரில் போர்டு போனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். குறை இரண்டு இடத்தில். பெட்டியின் கொள்ளளவையும் குழாய் நீளத்தையும் பெரும்பாலும் கண்ணளவில் அடிக்கிறார்கள். அதனால் பேஸ் ஒரே சுருதியில் 'தொம் தொம்' என்று வரும். இன்னொன்று, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தூரம், அளவு, கிராஸ்ஓவர் (எந்த அதிர்வுக்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபருக்கு அனுப்புவது என்ற எல்லை) என்று தனித்தனியாக வைக்கும் வசதி இவற்றில் பெரும்பாலும் கிடையாது. இந்த ஹாலுக்கு அந்த வசதிதான் உயிர். ஏன் என்பது கீழே வருகிறது.

ஆக, ரிசீவர். அதோடு எந்தப் பெட்டிகள் என்பதுதான் உண்மையான கேள்வி.

தரையில் நிற்கும் டவரா, மேசையில் வைக்கும் சிறிய புக்‌ஷெல்ஃபா என்பதை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டோம். டவர் ஸ்பீக்கர் பார்க்கக் கம்பீரம். அதன் கூடுதல் விலை எதற்குப் போகிறது என்றால், பெரிய பெட்டிக்கும் கூடுதல் வூஃபருக்கும், அதாவது பேஸுக்கு. சப்வூஃபர் வைத்த பிறகு 80 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 80 அதிர்வு) கீழே உள்ளதை எல்லாம் அதற்கு அனுப்பிவிடப் போகிறோம். பிறகு எதற்கு டவருக்குப் பணம்? சப்வூஃபரே இல்லாமல் பாட்டு மட்டும் கேட்பவர் டவர் வாங்கலாம். ஐந்தேகால் அங்குல வூஃபர் உள்ள புக்‌ஷெல்ஃப் ஒன்று 55, 60 ஹெர்ட்ஸ் வரை இறங்கினாலே இங்கே போதும்.

சென்டர் ஸ்பீக்கரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. படத்தில் பேசும் பேச்சில் பெரும்பகுதி அந்த ஒரு பெட்டியிலிருந்துதான் வருகிறது. "பாட்டு வந்தால் அலறுகிறது, பேச்சு வந்தால் ஒன்றும் கேட்கவில்லை" என்று ரிமோட்டைக் கையிலேயே வைத்திருக்கும் வீடுகளில் பாதிக்கு, சென்டர் இல்லாததோ, இருந்தும் அலமாரிக்குள் ஆழமாகத் தள்ளிவைத்திருப்பதோதான் காரணம். யூனிட்டின் முன் விளிம்போடு அதன் முகம் ஒட்டி நிற்க வேண்டும். காதை விடத் தாழ்வாக இருந்தால், முன்பக்கத்துக்கு அடியில் கதவுக்கு வைக்கும் ரப்பர் ஆப்பு ஒன்றைச் செருகி முகத்தை நிமிர்த்திவிடலாம். நான் பார்த்தவற்றில் மிக மலிவான மேம்பாடு இதுதான்.

இனி சண்டைக்கு வருகிறேன். மிச்சப் பணம் சரவுண்டுக்கா, இரண்டாவது சப்வூஃபருக்கா?

சரவுண்டின் பக்கம் பேச நிறைய இருக்கிறது. மழை நம்மைச் சுற்றிப் பெய்ய வேண்டும், கிரிக்கெட் மைதானத்தின் கூச்சல் முதுகில் விழ வேண்டும் என்றால், முன்னால் எத்தனை நல்ல ஸ்பீக்கர் இருந்தும் பலனில்லை. ஆனால் அதற்கு இடம் வேண்டும். 5.1-க்குச் சரவுண்ட் இருக்க வேண்டிய இடம் நமக்கு நேர் பக்கவாட்டிலோ, அதிலிருந்து சற்றுப் பின்னாலோ. டி.வி.யை நேராகப் பார்ப்பதைப் பூஜ்யம் என்று வைத்தால், 90 முதல் 110 பாகை. பலரும் சொல்லும் அளவு 110. காது உயரத்துக்கு ஒன்றிரண்டு அடி மேலே. தங்கை வீட்டில் சோஃபா பின்சுவரோடு ஒட்டியிருந்தது, பின்னால் இடமே இல்லை. இடப்பக்கம் சுவரில் மாட்டலாம். வலப்பக்கம் சுவரே கிடையாது, சமையலறைக்குப் போகும் பாதை. அங்கே ஸ்டாண்டு வைத்தால், குழம்புச் சட்டியோடு வருகிறவர் வயரில் தடுக்கி விழுவார். ஒன்று சுவரில், இன்னொன்று மூலையில் என்று வைத்தால் மழை ஒரு பக்கம் மட்டும் பெய்யும். அட்மாஸ் பெட்டி இன்னும் மோசம்: அது சத்தத்தைக் கூரையில் எறிந்து திருப்புகிறது, அதற்குத் தட்டையான கூரை வேண்டும். இந்த ஹாலின் கூரையில் சத்தம் பட்டுத் திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு பீமும் மின்விசிறியும் இருந்தன.

இரண்டாவது சப்வூஃபரின் பக்கம் பேசுவதற்கு, கொஞ்சம் கணக்கு தேவை.

நம் வீடுகள் கட்டியிருக்கும் விதம் வேறு. அமெரிக்காவில் பலகைச் சட்டத்தின் மேல் ஜிப்சம் அட்டை அடித்த சுவர்கள் பேஸில் ஒரு பகுதியை வெளியே விட்டுவிடும், கொஞ்சத்தை விழுங்கியும்விடும். நம் செங்கல் சுவர் ஒன்றையும் விடாது. அறைக்குள்ளேயே அலை போய்ப் போய்த் திரும்புகிறது. எந்த அலையின் பாதி நீளம் அறையின் நீளத்துக்குச் சமமோ, அது அங்கேயே நின்று பெருகும். 30 பாகை வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 349 மீட்டர். 16 அடி என்பது 4.88 மீட்டர். 349-ஐ அதன் இரு மடங்கால் வகுத்தால் 36 ஹெர்ட்ஸ். அதன் இரட்டை 72. அகலத்துக்கு இதே கணக்கில் 52. உயரத்துக்கு 57. சாப்பாட்டு அறைத் திறப்பு இருப்பதால் இந்த எண்கள் அப்படியே பலிக்காது. எங்கே தொல்லை வரும் என்று காட்ட இவை போதும்.

காதுக்கு இது எப்படித் தெரியும்? இளையராஜா பாட்டு ஒன்றில் பேஸ் கிட்டார் படியிறங்கி வரும் இடத்தைப் போட்டுப் பாருங்கள். அந்தக் கிட்டாரின் மிகத் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. எல்லாச் சுரமும் ஒரே அளவில் நடந்து வர வேண்டும். தங்கை வீட்டில் 52-க்குப் பக்கத்தில் வரும் ஒரு சுரம் மட்டும் பலூன் மாதிரி ஊதியது. அதற்கடுத்த சுரம் இருக்கிற இடமே தெரியவில்லை. வேடிக்கை என்னவென்றால், சோஃபாவின் இடக்கோடியில் உட்கார்ந்திருந்த தங்கை "காதை அடைக்கிறது, குறை" என்றாள். அதே நொடியில் நடுவில் இருந்த மாப்பிள்ளை "பேஸே இல்லையே" என்றார். இருவர் சொன்னதும் உண்மை. நிற்கும் அலைக்கு மேடும் பள்ளமும் உண்டு. ஒருவர் மேட்டில், ஒருவர் பள்ளத்தில்.

ரிசீவரின் தானியங்கி அளவீடு மேட்டைச் செதுக்கும். பள்ளத்தை நிரப்ப அதனால் முடியாது. அந்தப் புள்ளியில் அலை தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. ஆம்ப்பை எவ்வளவு முறுக்கினாலும் அழிவதும் அதே அளவில் கூடும். பள்ளத்துக்கு மருந்து இடத்தை மாற்றுவது, அல்லது இன்னொரு இடத்திலிருந்தும் பேஸைக் கொடுப்பது. ஹார்மன் நிறுவனத்தில் டாட் வெல்டி என்பவர் 2002-இல் இதைச் செவ்வக அறைகளுக்கு முறையாகக் கணக்கிட்டு வெளியிட்டார். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒன்றாக இரண்டு சப்வூஃபர் வைத்தாலே, இருக்கைக்கு இருக்கை வேறுபாடு நன்றாகக் குறைகிறது. நான்குக்கு மேல் வைத்துப் பெரிய லாபமில்லை. முன்சுவர் நடுவிலும் பின்சுவர் நடுவிலும் உள்ள இரண்டும் 36 ஹெர்ட்ஸை எதிரெதிராகத் தள்ளி ஒன்றையொன்று அடக்கிவிடும். இரண்டும் அகலத்தின் நடுவில் இருப்பதால் 52-ஐ எழுப்பவே எழுப்பாது. நீள, அகலக் கணக்கில் 72 மட்டும் மிஞ்சும்.

சரவுண்ட் இல்லாமல் படம் பார்ப்பவருக்கு ஒரு சுகம் குறைவு, அவ்வளவுதான். பேஸ் கெட்டுப்போன ஹாலில் படமும் பாட்டும் கிரிக்கெட்டும் எல்லாமே கெட்டு வருகின்றன. என் தீர்ப்பு இரண்டாவது சப்வூஃபருக்குப் போனது இதனால்தான். சோஃபா அறையின் நடுவில் இருந்து, இரு பக்கமும் சுவர் சமமாக இருந்திருந்தால், நானே 5.1 என்று சொல்லியிருப்பேன். ஒரே ஆள் மட்டும் உட்கார்ந்து பார்க்கும் அறை என்றாலும் அப்படியே. ஒரு நாற்காலிக்கு ஒரு சப்வூஃபரைச் சரியான இடத்தில் வைத்துச் சமாளித்துவிடலாம்.

மாப்பிள்ளை வாய்ப்பேச்சை நம்புகிற ஆள் இல்லை. என் வீட்டு 10 அங்குல சப்வூஃபரைக் காரில் போட்டுக்கொண்டு போய், அவர் வாங்கியிருந்த அதே அளவுப் பெட்டியோடு சேர்த்துக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார். அதற்கு முன் அந்தப் பெட்டியைத் தேர்ந்த கதை.

துளையுள்ள பெட்டியா, மூடிய பெட்டியா

கடைச் சீட்டில் இருந்தது துளையுள்ள 12 அங்குலம். துளை என்பது வெறும் ஓட்டை இல்லை. உள்ளே ஒரு குழாய் இருக்கிறது, அதிலுள்ள காற்று குறிப்பிட்ட ஒரு அதிர்வில் தானும் சேர்ந்து பாடும். அதனால் அதே ஆம்ப்பில், அதே வூஃபரில், 20 முதல் 30 ஹெர்ட்ஸ் பகுதியில் கூடுதல் சத்தம் கிடைக்கும். வெடிகுண்டுக் காட்சிக்காகவே வாழ்கிறவர்கள் இதைத்தான் வாங்க வேண்டும். விலை என்ன என்றால், பெட்டி பெரிதாகும். குழாயின் சுருதிக்குக் கீழே சத்தம் ஒரு ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வு பாதியாகும் ஒவ்வொரு முறையும், 24 டெசிபல் வீதம் செங்குத்தாக விழும். மூடிய பெட்டியில் சரிவு முன்னதாகவே தொடங்கும், ஆனால் 12 டெசிபல்தான், மெதுவாக இறங்கும். சிறிய கான்கிரீட் அறை மிகத் தாழ்ந்த ஒலியைத் தானே கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும் என்பதால், மூடிய பெட்டியின் சரிவும் அறையின் தூக்கலும் ஓரளவு ஈடாகிவிடும். பெரிய ஹால், மாடிப்படி திறந்திருக்கும் தனி வீடு என்றால் இந்த உதவி கிடைக்காது, துளையுள்ளதற்கே போகலாம்.

இங்கே முடிவைச் சுலபமாக்கியது ஒரு அளவு நாடா. டி.வி. யூனிட் தரையில் நிற்கவில்லை, சுவரில் மாட்டியிருக்கிறது. அதன் அடிப்பக்கத்துக்கும் தரைக்கும் நடுவே 15 அங்குலம். மூடிய 10 அங்குலப் பெட்டி ஒவ்வொரு பக்கமும் 13 அங்குலம். முன்சுவரின் சரியான நடுவில் அது உள்ளே போகும். துளையுள்ள 12 அங்குலப் பெட்டியை மூலையில்தான் நிறுத்த முடியும். போதாததற்கு வீட்டில் மூன்று வயதுக் குழந்தை. துளையுள்ள சப்வூஃபர் அவனுக்கு உண்டியல்; இன்னொரு உறவினர் வீட்டுப் பெட்டியைக் கவிழ்த்து ஏழு கிரேயான், ஒரு டீஸ்பூன், இரண்டு சோழி எடுத்தவன் நான்.

ஒரு பெரியதா, இரண்டு சிறியதா என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு: இரண்டு 10 அங்குலக் கூம்பின் பரப்பு, ஏறக்குறைய ஒரு 14 அங்குலக் கூம்பின் பரப்புக்குச் சமம். எதையும் இழக்கவில்லை.

எங்கே வைப்பது

மூலையில் வைத்தால் சத்தம் அதிகம், அதனால் கடைக்காரர்கள் மூலையைச் சொல்கிறார்கள். மூலையிலிருந்து அறையின் எல்லா நிற்கும் அலைகளையும் ஒருசேர எழுப்பலாம் என்பதுதான் அந்தச் சத்தத்தின் ரகசியம். கணக்கைப் போட்டுவிட்டேன், ஆனாலும் காதால் கேட்டுத்தான் நம்ப வேண்டும். பழைய வழி ஒன்று இருக்கிறது. சப்வூஃபரைத் தூக்கி, நாம் உட்காரும் சோஃபாவின் மேலேயே வைத்துவிட வேண்டும். அந்தப் பேஸ் கிட்டார் துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, நாம் தரையில் தவழ்ந்து போய், பெட்டி வைக்க முடிகிற ஒவ்வொரு இடத்திலும் காதைத் தாழ்த்திக் கேட்க வேண்டும். ஒலி போகும் வழியும் வரும் வழியும் ஒன்றே என்பதால், எந்த இடத்தில் எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கிறதோ, பெட்டியை அங்கே வைத்தால் சோஃபாவிலும் அப்படியே கேட்கும்.

மாப்பிள்ளை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தவழ்ந்தார். குழந்தை அவர் முதுகில் ஏறி யானை ஓட்டியது. இடப்பக்க முன்மூலையில் "ஐயோ, இதுதான் அந்த பலூன்" என்று கத்தினார். யூனிட்டுக்கு அடியில் தலையை விட்டவர் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. சோஃபாவுக்கு வலப்பக்கம், பாதையின் ஓரம், அதைவிட நன்றாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நடக்கிற வழி என்பதால் விட்டுவிட்டோம். பக்கத்திலேயே பெட்டி இருந்தால் குறைந்த சத்தத்திலேயே நமக்குப் போதும், சுவருக்கும் கீழ்வீட்டுக்கும் போவது குறையும். பாதை இல்லாத வீட்டில் ஒரே சப்வூஃபர் வைப்பவருக்கு என் முதல் யோசனை அதுவே.

மிஞ்சியிருந்த 72 ஹெர்ட்ஸுக்கு மருந்து சோஃபாவிடம் இருந்தது. பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் தலை 15 அடியில் இருக்கிறது. அந்த இடம் 72-இன் மேடு. சோஃபாவை இரண்டடி முன்னால் இழுத்தால் தலை 13 அடிக்கு வருகிறது, அந்த மேடு பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அந்த இரண்டடி இடைவெளிதான் இரண்டாவது சப்வூஃபருக்கும் வேண்டியது. தங்கை ஒத்துக்கொள்ளவில்லை. "நடு ஹாலில் சோஃபாவைப் போட்டால் பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கும் அண்ணா" என்றாள். ஒரு வாரம் மட்டும் இருக்கட்டும் என்று கேட்டு வாங்கினேன்.

கீழ்வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45. செல்பேசிச் செயலியை வைத்து அளந்துவிட்டு "நாங்கள் வரம்புக்குள்தான் இருக்கிறோம்" என்று வாதாடாதீர்கள். அவை வழக்கமாகப் பயன்படுத்தும் ஏ எடைமுறை, 50 ஹெர்ட்ஸ் ஒலியை 30 டெசிபல் குறைத்துத்தான் காட்டும். கீழே படுத்திருப்பவரின் கட்டிலுக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது. பெட்டிக்கு அடியில் வைக்கும் ஸ்பாஞ்சு மெத்தை தரை வழியாகப் போவதைக் கொஞ்சம் குறைக்கும். காற்று வழியாகச் சுவரை ஆட்டுவதைத் தொடாது. இரவில் ரிசீவரின் இரவுப் பயன்முறையைப் போட்டு, சப்வூஃபரை ஐந்தாறு டெசிபல் இறக்கிவிடுவதே மரியாதை.

பொருத்தும்போது

வயரில் ஏமாற வேண்டாம். சாதாரண 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இந்த ஹாலுக்குத் தாராளம். சிவப்பும் கறுப்பும் மாறிவிட்டதோ என்ற சந்தேகம் வந்தால், ஆம்ப்பிலிருந்து கழற்றிய வயர் முனைகளில் ஒரு சுவர்க்கடிகார பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் பிளஸ் சிவப்பில் பட்டால் கூம்பு முன்னால் வர வேண்டும்.

கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ். தியேட்டர் ஒலிக்குத் தரம் வகுத்த டிஎச்எக்ஸ் பிரபலமாக்கிய எண் அது. இதற்கு மேலே போனால், 100-ஐத் தாண்டத் தாண்ட, பேஸ் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்று காது கண்டுபிடித்துவிடும். ஆண் குரலின் அடிப்பகுதி சோஃபாவுக்குப் பின்னாலிருந்து பேசுவது போல ஆகும். ரிசீவரில் எல்லா ஸ்பீக்கரையும் 'சிறியது' என்று குறிக்க வேண்டும், அப்போதுதான் அவற்றின் பேஸ் சப்வூஃபருக்குப் போகும்; தானியங்கி அளவீடு 'பெரியது' என்று எழுதிவைத்திருந்தாலும் மாற்றிவிடலாம். சப்வூஃபரின் பின்னால் உள்ள கிராஸ்ஓவர் திருகியைக் கடைசி வரை திருப்பி விட்டுவிடுங்கள். இல்லையென்றால் ரிசீவர் ஒரு முறை வெட்டியதை அது இன்னொரு முறை வெட்டும்.

இரண்டு சப்வூஃபரையும் ஒய் வடிவ வயரில் சேர்த்து, இரண்டின் அளவுத் திருகியையும் ஒரே இடத்தில் நிறுத்தி, ரிசீவருக்கு அவை ஒன்றே என்று சொல்லிவிட்டோம். 36 ஹெர்ட்ஸை அடக்க இரண்டும் ஒரே அளவில், ஒரே நேரத்தில் தள்ளினால்தான் முடியும். 80 ஹெர்ட்ஸ் ஒலியைப் போட்டு, கூம்பு தள்ளும் திசையைப் புரட்டும் ஃபேஸ் சுவிட்சை இரண்டு பெட்டியிலும் ஒருசேர 0, 180 என்று மாற்றி, சோஃபாவில் எது சத்தமாகக் கேட்கிறதோ அதில் விட வேண்டும். அளவீட்டுக்குப் பிறகு சப்வூஃபரின் தூரம் உண்மையை விட நாலைந்து அடி கூடுதலாகக் காட்டினால் பதற வேண்டாம். பெட்டிக்குள் இருக்கும் சுற்று எடுத்துக்கொள்ளும் தாமதத்தையும் அது தூரமாகவே எண்ணுகிறது.

டெனான், மராண்ட்ஸில் ஆடிஸி, யமஹாவில் ஒய்பிஏஓ என்று பெயர் வேறாக இருந்தாலும், எல்லாம் மைக்கை வைத்து அறையைக் கேட்கின்றன. மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்கவிடுங்கள். எங்கள் முதல் அளவீட்டின் நடுவில் குக்கர் மூன்று விசில் அடித்தது. அதன் பிறகு சென்டர் ஸ்பீக்கர் மூக்கடைத்துப் பேசியது, காரணம் புரிய அரை நாள் ஆயிற்று. மறுநாள் காலை ஐந்தரைக்கு, மைக்கை சோஃபா முதுகில் வைக்காமல் ஒரு டிரைபாடில் காது உயரத்துக்கு நிறுத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு செய்தோம்.

பிறகு ஒரு 'ம்ம்ம்'. படம் ஓடாதபோதும் சப்வூஃபர் அடித்தொண்டையில் முனகிக்கொண்டே இருந்தது. பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் மாப்பிள்ளை. ஒவ்வொரு வயராகப் பிடுங்கினோம். செட்டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருந்த கேபிள் டி.வி. வயரைக் கழற்றியதும் முனகல் அறுந்தது. வெளியிலிருந்து வரும் அந்த வயரின் எர்த்தும் சப்வூஃபரின் மூன்று முள் பிளக்கின் எர்த்தும் ஒரே மட்டத்தில் இல்லை. நடுவில் மின்னோட்டம் ஓடுகிறது. எர்த் முள்ளை உடைத்துவிடலாம் என்று ஒரு எலெக்ட்ரீஷியன் யோசனை சொன்னார். ஒருபோதும் செய்யக் கூடாது, அந்த முள் உயிர் காப்பது. கேபிள் வயரில் போடும் ஒரு சிறிய ஐசொலேட்டர் வேலையை முடித்தது.

கடைசியாக, 20-லிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒரு ஒலியை ஓடவிட்டு, வீடே எங்கெங்கே ஆடுகிறது என்று கேட்டோம். டி.வி. யூனிட்டின் இழுப்பறை, ஷோகேஸ் கண்ணாடி, பக்கத்து அறை பீரோவின் கைப்பிடி. பரண் மேல் அடுக்கியிருந்த எவர்சில்வர் சம்படங்கள் 47-இல் கச்சேரியே வைத்தன. இழுப்பறைக்கு ஃபெல்ட் துண்டு, கண்ணாடிக்கு ரப்பர், கைப்பிடிக்கு மடித்த துணி.

என் பெட்டியை நான் எடுத்துக்கொண்டு வந்த மூன்றாம் வாரம் தங்கையே போன் செய்தாள். இரண்டாவது பெட்டி வாங்கியாயிற்றாம். சோஃபா இன்னும் இரண்டடி முன்னால்தான் இருக்கிறது. பின்னால் பெருக்க வசதியாக இருக்கிறது என்றாள். அங்கே சப்வூஃபருக்குப் பக்கத்தில் குழந்தைக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடமும் கிடைத்திருக்கிறது. சரவுண்டுக்கு மாப்பிள்ளை இடப்பக்கச் சுவரில் கேசிங் ஒட்டி வயரை மட்டும் இழுத்துவைத்திருக்கிறார். வலப்பக்கம் என்ன செய்வது என்று மறுபடியும் என்னைக் கேட்கிறார்.